மாத்தாய்: தொட்டியில் விளையும் கிழங்குக் கோரை

கோலாலம்பூர் புடுவிலோ பினாங்கு சௌரஸ்தாவிலோ காய்கறிச் சந்தையில் சேறு அப்பிய பழுப்புக் கிழங்காக விற்கும் மாத்தாய், கோரை இனத்தைச் சேர்ந்தது. பாய்க்கோரையும் முத்தக்காசும் இதன் சொந்தங்கள். மலாயில் செங்குவாங் சீனா, தாவரவியலில் எலியோகாரிஸ் டல்சிஸ். வெயில் விழும் வாசல் இருந்தால் தொட்டியிலேயே விளைவிக்கலாம்.

இது இலையில்லாச் செடி. அடியில் மெல்லிய உறை மட்டுமே உண்டு. வெயிலை வாங்கி மாவாக்குவது முழுக்கத் தண்டுதான். பெரும்பாலான கோரைகளின் தண்டு முக்கோணம், இதன் தண்டோ உருண்டை. உள்ளே குழல், இடையிடையே தடுப்பு. அந்தக் குழல் வழியாகத்தான் சேற்றிலுள்ள வேருக்குக் காற்று இறங்குகிறது. எனவே சாய்ந்த தண்டைக்கூட வெட்டாமல் கயிற்றால் வளைத்துக் கட்டுங்கள். வெட்டினால் கிழங்கு சிறுக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் வேர் அழுகும்.

விதைக்குத் தோலோடு உள்ள, கல்லைப் போல் இறுகிய, நுனிமுளை ஒடியாத கிழங்கை எடுங்கள். தோல் சீவித் தண்ணீர்ப் பையில் விற்பது முளைக்காது. தட்டில் சேறு நிரப்பி, கிழங்கை முளை மேலே பார்க்கப் பதித்து, சேறு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளை ஒரு சாண் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம்.

தொட்டி 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் இருக்கட்டும். அடியில் ஒரு துளை போட்டு ரப்பர் அடைப்பு வையுங்கள். அறுவடைக்கு முன் தண்ணீரை வடிக்க இது அவசியம். தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு கலந்து 20 செ.மீ. நிரப்புங்கள். செம்மண் களியை மட்டும் போட்டால் கிழங்கு தோண்டும்போது நசுங்கும். பச்சைக் கோழி எரு சேற்றுக்குள் புளித்து நாறி வேரைக் கெடுக்கும். மூன்று நாற்றுகள் போதும். 5 செ.மீ. ஆழத்தில் நட்டு, முதலில் 3 செ.மீ. தண்ணீர் விடுங்கள், தண்டு உயர உயர 10 செ.மீ. வரை ஏற்றுங்கள். மண்ணிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தொட்டிச் சுவரில் வலை கட்டிய இன்னொரு துளை இருந்தால், சாயங்கால மழையில் தொட்டி வழியாது.

கொசு விஷயத்தில் துளியும் அலட்சியம் கூடாது. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டையிடும், டெங்கி பரவும். புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் உண்டு. நான்கைந்து கப்பி மீன் விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மீனுக்கு ஆகாது; வாளியில் பிடித்து ஒரு நாள் மூடாமல் வைத்துவிட்டு ஊற்றுங்கள். மீன் இருந்தாலும் வாரம் ஒருமுறை விளிம்பைப் பார்ப்பது நல்லது. இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தெரிந்தால் அது தங்க நத்தையின் வேலை. சுரண்டி நசுக்கிவிடுங்கள், இல்லையேல் இளந்தண்டு மிஞ்சாது.

முதல் நான்கு மாதம் செடி மண்ணுக்கடியில் பக்கத்தண்டு ஓட்டிக் கன்று போடும். அப்போது மாதம் ஒரு தேக்கரண்டி 15:15:15 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) சேற்றில் புதைத்து வையுங்கள். அதன்பிறகு உரம் வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் பச்சைப்பசேல் என்று தண்டு நிற்கும், கிழங்கு இருக்காது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

நடவிலிருந்து ஆறேழு மாதத்தில் தண்டு மஞ்சளாகத் தொடங்கும். குளிர்காலம் உள்ள நாடுகளில் அது தானே காய்ந்துவிடும். நம் ஊரில் பாதிப் பச்சையாகவே நிற்கும். காத்திருக்காமல் மீனை வேறு வாளிக்கு மாற்றி, அடித்துளையைத் திறந்து, மூன்று வாரம் வடிய விடுங்கள். தோல் கருத்து இறுகும், இனிப்பும் கூடும். பிறகு தொட்டியைக் கவிழ்த்துக் கையால் பொறுக்குங்கள். மண்வெட்டி பட்ட கிழங்கு ஓரிரு நாளில் அழுகும். மீதமுள்ள வேரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அங்கே முளைத்து அடைத்துக்கொள்ளும்.

வேகவைத்தாலும் மொறுமொறுப்புப் போகாதது இதன் தனிச்சிறப்பு. செல்சுவரை ஃபெருலிக் அமிலம் பிணைத்து வைத்திருப்பதே காரணம். கூட்டிலும் கோழிப் பிரட்டலிலும் சிறு துண்டாகப் போட்டால் அருமை. கரும்போடு கொதிக்கவைத்துக் குடிக்கலாம். பல்லால் கடித்துத் தோல் உரிக்கக் கூடாது: குளத்தில் விளைந்த கிழங்கின் தோலில் குடல் தட்டைப்புழுவின் கூடு ஒட்டியிருக்கக்கூடும். கத்தியால் சீவி, வேகவைத்தே சாப்பிடுங்கள்.

கழுவாத கிழங்கு குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும். சீவியதைத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பருத்த கிழங்கில் ஏழெட்டை ஈரமணலில் புதைத்து நிழலில் வையுங்கள். அடுத்த நடவுக்கு அவைதான் விதை.