எட்டு மணி நேர வித்தியாசத்தில் உறக்கத்தைச் சரிசெய்த விதம்

வேலை நிமித்தமாக, 8 மணி நேரம் கிழக்கே தள்ளியிருந்த ஒரு நகரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, வீடு தேடுவதை விட என்னை அதிகம் வாட்டியது தூக்கமின்மைதான். நள்ளிரவு தாண்டியும் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன்; மறுநாள் காலைக் கூட்டத்தில் குறிப்பெடுக்கும்போதோ, பேனா வரியை விட்டுக் கீழே சரிந்து தாளில் ஒரு கோட்டை இழுத்துவிடும்.

காலை வெயிலில் நடக்கும்படி பலரும் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன அறிவுரைதான், ஆனால் என் கணக்குக்கு அது பொருந்தவில்லை. வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பு நம் உடல் வெப்பநிலை மிகவும் தாழ்கிறது. அதற்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் உடற்கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தித் தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கிறது, அதற்கு முன் படுவது பின்னுக்குத் தள்ளித் தாமதப்படுத்துகிறது. பழைய ஊரில் காலை 7 மணிக்கு எழுந்துகொண்டிருந்த எனக்கு, அந்தத் தாழ்நிலை புதிய ஊரில் ஏறத்தாழ பகல் 1 மணிக்கு வந்தது.

ஆகவே முற்பகலில் வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி அணிந்தேன், அலுவலகத்தில் ஜன்னலை விட்டுத் தள்ளி அமர்ந்தேன், 1 மணிக்கு மேல் திறந்த வெளியில் நன்றாக நடந்தேன். அந்த நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாக முன்னே கொண்டுவர, உறக்கமும் படிப்படியாக இரவுக்குத் திரும்பியது. காபியை நண்பகலோடு நிறுத்தியதும் உதவியது. மேற்கு நோக்கிச் செல்பவர்களுக்குப் பொதுவாக மாலை வெளிச்சமே துணை.