உலகம் அழியும் தேதி: நம்புகிறவர்களும் சிரிக்கிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962 பிப்ரவரி, பிலவ வருடம் தை அமாவாசையை ஒட்டிய நாட்கள். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது எட்டும் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடு முழுக்க ஒரே பேச்சு. பல ஊர்களில் யாகம் நடந்தது. அந்த வாரத்தில்தான் காரைக்குடியில் எங்கள் ஐயாவிடம் (தாத்தாவிடம்) ஒருவர் கடன் கேட்டு வந்திருக்கிறார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "உலகமே போகப்போகுது, புரோநோட்டெல்லாம் எதுக்குச் செட்டியாரே?" என்றாராம். ஐயா தாளை அவர் பக்கம் நகர்த்தி, "அழிஞ்சுபோனா எனக்கு வேண்டாம். அழியலைன்னா வட்டியோட குடுங்க. அதைத்தான் எழுதச் சொல்றேன்" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

இந்தக் கதையை வீட்டில் நூறு தடவை கேட்டாயிற்று. இருந்தும், நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை புதுத் தேதி ஒன்று கிளம்பும்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றத்தான் செய்கிறது. கலியுகம், மாயன், பைபிள், கியாமத் நாள் (முஸ்லிம்களின் இறுதித் தீர்ப்பு நாள்), பிரெஞ்சு ஜோதிடர் நாஸ்ட்ரடாமஸ் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய செய்தி. நம்புகிறவர்கள் செய்யும் தவறு ஒரு வகை, சிரிக்கிறவர்கள் செய்யும் தவறு இன்னொரு வகை. இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

கலி முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பது

நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். புராணக் கணக்கில் கலியுகம் 1,200 தேவ வருடம். ஒரு தேவ வருடம் என்பது நமக்கு 360 வருடம். பெருக்கினால் 4,32,000. கலி பிறந்தது கி.மு. 3102 பிப்ரவரியில் என்பது மரபு. ஆக, இதுவரை கழிந்தது 5,100 சொச்சம்; நாலே கால் லட்சத்துக்கும் மேலே இன்னும் பாக்கி. "கலி முத்திப்போச்சு" என்று நாம் சலித்துக்கொள்கிறோமே தவிர, கணக்குப்படி கலிக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. சுற்றி வரும் செய்திகளில் அந்த 360-ஐ விட்டுவிடுவார்கள், அல்லது வேறு எதையாவது கூட்டிக் கழித்து இந்த வருடமோ அடுத்த வருடமோ விடையாக வரச் செய்வார்கள். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடும் வேலை.

எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) மரபு வரலாறு படித்தவர்களுக்குக் கலி வருடம் பழகியதுதான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து இளையாத்தங்குடியில் குடியேறியது கலி 3808 என்று அதில் வரும். 3,101-ஐக் கழித்தால் கி.பி. 707. பேரேட்டின் தலையில் ஆண்டைப் போடுவது போலத்தான் அவர்கள் கலியைப் போட்டிருக்கிறார்கள். நாள் எண்ணிப் பயந்தவர்கள் குலக் கணக்கை அதில் எழுதியிருப்பார்களா?

அடுத்த குழப்பம் இன்னும் பெரியது. கலியின் முடிவில் கல்கி வருவார், அதன் பின் கிருதயுகம் பிறக்கும். உலகம் அப்படியே இருக்கும். நான்கு யுகமும் சேர்ந்து 43,20,000 வருடம். அப்படி ஆயிரம் சுற்று போனால் பிரம்மாவுக்கு ஒரு பகல், அதாவது 432 கோடி வருடம். அந்தப் பகல் சாயும்போது வருவது நைமித்திகப் பிரளயம். பிரம்மாவின் ஆயுளே தீரும்போது வருவது பிராகிருதப் பிரளயம். இவை போக, உயிர்கள் அன்றாடம் இறப்பது நித்தியப் பிரளயமாம். ஞானத்தால் பிறவி அறுவது ஆத்தியந்திகப் பிரளயமாம். இத்தனைக்கும் சேர்த்து நாம் "உலக அழிவு" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அல்லாடுகிறோம். ஊழி என்ற நம் சொல்லையும் அப்படித்தான் ஆக்கிவிட்டோம். குறள் "ஊழி பெயரினும்" என்கிறது. பெயர்வது என்றால் இடம் மாறுவது. ஒரு காலம் போய் இன்னொன்று வருவது.

மாயன் காலண்டரும் ஐந்தொகையும்

2012 டிசம்பர் 21 யாருக்கும் மறந்திருக்காது. அன்று முடிந்தது என்ன? மத்திய அமெரிக்கப் பழங்குடிகளான மாயன்களின் 'நீண்ட கணக்கு' என்ற நாள் எண்ணிக்கையில் 1,44,000 நாள் ஒரு பக்தூன். கி.மு. 3114 ஆகஸ்டில் தொடங்கிய அந்தக் கணக்கில் 13 பக்தூன், அதாவது 18,72,000 நாள், அன்று நிறைந்தது. அவ்வளவுதான். லேவாதேவி பார்த்த வீட்டில் இதை விளக்குவது சுலபம். வருடக் கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுக்கிறோம், பழைய பேரேட்டைத் துணியில் கட்டிப் பெட்டகத்தில் வைக்கிறோம், மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு தொடங்குகிறோம். பேரேடு நிறைந்துவிட்டதே என்று யாரும் கடையைக் கொளுத்துவதில்லை. மெக்சிகோவில் பலெங்கே என்ற இடத்து மாயன் கல்வெட்டு ஒன்று, தங்கள் மன்னன் பகால் பட்டமேறிய நாளின் சுற்று நிறைவு கி.பி. 4772-இல் வருவதைக் குறித்து வைத்திருக்கிறது. 2012-ஓடு உலகம் சரி என்று நினைத்தவர்கள் அதை ஏன் மெனக்கெட்டுச் செதுக்க வேண்டும்?

இந்தச் செய்தியோடு வரும் படத்திலும் ஒரு பிழை உண்டு. வட்டக் கல், நடுவில் நாக்கை நீட்டிய முகம். அது மாயன்களுடையது இல்லை, மெக்சிகோவின் வேறொரு பழங்குடியான ஆஸ்டெக்குகளின் சூரியக் கல். 1790-இல் மெக்சிகோ நகரத்துச் சதுக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. முன்பே நான்கு சூரியன்கள் அழிந்துவிட்டன, இப்போது நடப்பது ஐந்தாவது, இது நிலநடுக்கத்தால் முடியும் என்பது ஆஸ்டெக் நம்பிக்கை. 52 வருடத்துக்கு ஒருமுறை, இந்தச் சுற்றோடு போய்விடுமோ என்று எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டுக் காத்திருந்து, விடியுமென்று தெரிந்ததும் புதுத் தீ மூட்டுவார்கள். ஆக, ஆஸ்டெக்குகளிடம் அழிவு இருந்தது, குறித்த ஆண்டு இல்லை. மாயன்களிடம் ஆண்டு இருந்தது, அந்த ஆண்டில் அழிவு இல்லை. ஒருவர் வீட்டுப் பத்திரத்தில் இன்னொருவர் கையெழுத்தை ஒட்டியது நம் காலத்து வேலை.

வேதம் தர மறுத்த தேதியை வேதத்திலேயே தேடுவது

இளையான்குடிக்கார நண்பர் ஒருவர் இருக்கிறார். கியாமத் நாள் இன்ன தேதி என்று யாராவது எழுதினால், வாதம் செய்யாமல் குர்ஆன் 7:187-ஐ மட்டும் பதிலாகப் போடுவார். அந்த வேளையைப் பற்றிய அறிவு இறைவனிடம் மட்டுமே உள்ளது என்கிற வசனம். மத்தேயு சுவிசேஷம் 24-ஆம் அதிகாரத்திலும் இதே மறுப்பு இருக்கிறது. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவரைத் தவிர வேறு யாருக்கும், வானதூதருக்கும்கூட, தெரியாது. யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூத் ஒரு படி மேலே போய், முடிவைக் கணக்குப் போடுகிறவர்களைச் சபிக்கவே செய்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கணக்குப் போட்டவர்களில் பெரிய ஆள் அமெரிக்காவின் வில்லியம் மில்லர். தானியேல் ஆகமத்தில் வரும் 2,300 நாளை 2,300 வருடமாக எடுத்துக்கொண்டார், கி.மு. 457-இலிருந்து எண்ணினார். விடையாக 1843 வந்தது. கி.மு. 1-க்கு அடுத்து நேராகக் கி.பி. 1, நடுவில் பூஜ்ய வருடம் கிடையாது. அதைச் சரிசெய்ததும் 1844. கடைசியில் அவருடைய இயக்கத்தார் அக்டோபர் 22 என்று நாளே குறித்தார்கள். அறுக்காமல் விட்ட வயல்கள் உண்டு, மூடிய கடைகள் உண்டு. 23-ஆம் தேதி வழக்கம்போல் விடிந்தது.

இங்கேதான் எனக்கு இருந்த ஒரு தப்பெண்ணத்தைச் சொல்ல வேண்டும். தேதி பொய்த்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பலர் போனார்கள்தான். ஆனால் சிலர், தேதி சரி, நடந்த இடம்தான் பூமியில்லை, பரலோகம் என்று பொருளை மாற்றிக்கொண்டார்கள். அந்த வழியில் வந்தது 1863-இல் அமைந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. இன்றைக்கும் உலகம் முழுக்க இருக்கிறது. 2011-இல் ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி மே 21 என்றார். அது போனதும் அக்டோபர் 21 என்றார். தவணை நீட்டிப்பு.

எல்லா மதமும் இதைத்தான் சொல்கிறது என்பது

கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. இதற்குத் தூர தேசம் போக வேண்டாம். புதுக்கோட்டை தாண்டிச் சித்தன்னவாசல் போனால் போதும். அங்கே குகையின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளம், சமண மரபின் சமவசரணக் (தீர்த்தங்கரர் உபதேசிக்கும் அவை) காட்சி என்பார்கள். அந்தச் சமணத்தில் உலகத்துக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. காலச் சக்கரம் இறங்கும், ஏறும். நாம் இறங்கு பாதியின் ஐந்தாம் ஆரத்தில், அதாவது ஐந்தாம் காலகட்டத்தில், இருக்கிறோம். அதன் நீளம் 21,000 வருடம். மகாவீரருக்குப் பின் தொடங்கி இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான் போயிருக்கிறது. அடுத்து இன்னும் மோசமான ஒரு 21,000. பிறகு ஏற்றம். ஓரிடத்திலும் உலகம் அடியோடு அழிவதில்லை.

பௌத்தத்தில் மனிதர் ஆயுள் பத்து வருடமாகச் சுருங்கி, பின் 80,000 வரை ஏறும்போது அடுத்த புத்தரான மைத்ரேயர் வருவார். சொராஸ்திரியருக்கு (பார்சிகளின் மதத்தாருக்கு) முடிவு என்பது உலகம் அழுக்கு நீங்கிப் புதிதாவது. வடக்கு ஐரோப்பாவின் ராக்னரோக்கில் தேவர்களே செத்துப்போகிறார்கள். ஆனாலும் கடலிலிருந்து பசுமையாக மறுபடி நிலம் எழும், ஒளிந்திருந்த ஆணும் பெண்ணும் இருவர் மிஞ்சுவார்கள். சொல்லப்போனால், "அத்தோடு சூன்யம்" என்று நிறுத்துகிற மரபைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பழங்கதையை வருங்காலமாகப் படிப்பதும் இதே வகைதான். சீர்காழியில் பிரளய வெள்ளத்தில் மிதந்த தோணி, கும்பகோணத்தில் மிதந்து வந்த குடம், மனுவின் ஓடம், நோவாவின் பேழை எல்லாம் நடந்துமுடிந்ததாகச் சொல்லப்படுபவை. நோவா கதையில் இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று கடவுள் வாக்கே கொடுத்துவிடுகிறார். செட்டிநாட்டு வீடுகளைத் தெருவிலிருந்து அவ்வளவு உயர்த்திக் கட்டியது பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவால்தான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது மெய்யோ இல்லையோ, பேச்சு முன்பே நடந்ததைப் பற்றியது.

வானத்தில் தெரிவதையெல்லாம் சாட்சிக்கு இழுப்பது

1910 மே மாதம் ஹாலி வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் பூமி புகுந்து வந்தது. அதில் நச்சு வாயு இருக்கிறதாம் என்று பயந்து மேல்நாடுகளில் மாத்திரை வாங்கி விழுங்கினார்கள். விற்றவனுக்கு லாபம். 1979 ஜூலையில் அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலேப் விழப்போகிறது என்று நம் ஊர்களே கலங்கின. அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. ஸ்கைலேப் விழுந்தது நிஜம், அதை உலக முடிவாக்கியது வாய்வழிச் செய்தி. நாஸ்ட்ரடாமஸ் பற்றி ஒரு வரி போதும்: 2001 செப்டம்பர் தாக்குதலை அவர் முன்பே பாடினார் என்று பரவிய பாட்டில் அவர் எழுதாத வரிகள் இருந்தன.

சிரித்துத் தள்ளுவது

என் தவறு பெரும்பாலும் இதுதான். 1856-இல் தென்னாப்பிரிக்காவில் ஷோசா மக்களிடையே நோங்கவூசே என்ற சிறுமி, முன்னோர் ஆவிகள் தன்னிடம் பேசின என்றாள். மாடுகளையெல்லாம் கொன்று, தானியத்தையும் அழித்துவிட்டால் இறந்தவர்கள் எழுவார்கள், புது மந்தைகள் வரும், வெள்ளையர்கள் ஒழிவார்கள். கேட்டவர்கள் முட்டாள்கள் என்று சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தடுத்த போர்களில் அவர்கள் நிலம் பறிபோயிருந்தது. மாடுகள் நுரையீரல் நோயில் ஏற்கெனவே மடிந்துகொண்டிருந்தன. இருப்பது எப்படியும் போகப்போகிறது என்ற நிலையில் அந்தச் சொல் காதில் விழுந்தது. 1857-இல் பஞ்சம். இறந்தவர்கள் சுமார் 40,000 பேர்.

2012 டிசம்பரில் பக்தூன் கணக்கை எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) விளக்கி, இதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் பாருங்கள் என்று சிரித்தேன். பட்டாலையில் உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அப்பச்சி (அப்பா) ரங்கூன் மொகல் தெருவில் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். 1941 டிசம்பர் 23-இல் அங்கே குண்டு விழுந்தபோது ஆயாவுக்கு ஒன்பது வயது. கடிதம் நின்றுபோனது. நடந்தே வந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவராக அப்பச்சி வீடு வந்து சேரப் பல மாதம் ஆயிற்று. கடையும் வயலும் திரும்பி வரவே இல்லை.

"தேதி சொன்னாங்களா ஒனக்கு?" என்றார்கள். "எங்களுக்கு யாருப்பா தேதி சொன்னா?"

பிறகு பாக்குவெட்டியை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தார்கள். எனக்கு அதற்கு மேல் பக்தூனைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.