முடக்கு வாதத்தோடு தாவர உணவுக்கு மாறுவது எப்படி?

முதலில் மாத்திரை விஷயம். மெத்தோட்ரெக்சேட்டோ வேறு எதுவோ, மருத்துவர் கொடுத்ததை நிறுத்தக்கூடாது. நானும் மருந்தை வைத்துக்கொண்டுதான் சாப்பாட்டை மாற்றினேன். உணவு வலியையும் வீக்கத்தையும் ஓரளவு தணிக்கலாம். மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்கும் வேலை மருந்தினுடையது.

பலன் உண்டா? 1991இல் வெளியான நார்வே ஆய்வில், 53 நோயாளிகளில் ஒரு பாதிப் பேர் சில நாள் உபவாசம் இருந்து, சில மாதம் பால், முட்டை, குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லாமல் சாப்பிட்டு, பிறகு பால் சேர்த்த சைவத்துக்கு வந்தார்கள். ஓராண்டு கழித்தும் அவர்கள் மற்றவர்களைவிடத் தேறியிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் 16 வார ஆய்வொன்றும் நல்ல முடிவே காட்டியது. ஆனால் அதில் உடற்பயிற்சியும் மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியும் சேர்ந்திருந்தன. எல்லாமே சின்ன ஆய்வுகள்தான்.

அதனால் உங்கள் உடம்பிலேயே சோதித்துப் பாருங்கள். மாறுவதற்கு ஒரு வாரம் முன்பே நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: காலையில் விறைப்பு விட எத்தனை நிமிடம், எந்த மூட்டு வீங்கியிருக்கிறது. என் அளவுகோல் சட்டைப் பொத்தான். மேல் பொத்தானைத் தானே போட முடிந்ததா, இல்லையா? அவ்வளவுதான். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை ஒன்றும் கைவசம் இருக்கட்டும். மருந்தின் அளவு மாறிய சமயத்தில் தொடங்க வேண்டாம். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

தட்டில் பருப்பு, பயறு, முழுதானியம், கீரை, காய், பழம். பிஸ்கட்டும் சிப்ஸும்கூடத் தாவரத்திலிருந்து வந்தவைதான், அந்தக் கணக்கு செல்லாது! பி12 மாத்திரை கட்டாயம். அது குறைந்தால் கைகால் மரத்துப்போகும், நோய்தான் முற்றிவிட்டதோ என்று பயப்படுவோம். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கால்சியம், வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு: காய் நறுக்குவது. தாவர உணவு என்றால் கத்தியும் கையும்தான், நம் கையோ அந்த வேலைக்கு ஒத்துழைக்காது. காலையில் கத்தியைத் தொடாதீர்கள். விரல்கள் இளகிய பிறகு, மதியத்துக்கு மேல், உட்கார்ந்து நறுக்குங்கள். கைப்பிடி தடித்த கத்தி நல்லது. பூசணி மாதிரி கெட்டியான காயை முழுதாக வேகவைத்துவிட்டால் கரண்டியாலேயே வெட்டலாம். பயறை மொத்தமாக வேகவைத்துப் பிரித்து உறையவைத்தால், வலி கூடிய நாளில் சூடாக்கினால் போதும். நறுக்கி விற்கும் காயை வாங்க வெட்கப்பட வேண்டாம்.

மூன்று நான்கு மாதம் பாருங்கள். பிறகு விட்ட உணவைத் திரும்பச் சேர்க்க நினைத்தால் ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்து, நோட்டில் குறியுங்கள். எந்த மாற்றமும் தெரியவில்லையா? சரி, மீனுக்குத் திரும்புங்கள். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பும் மூட்டு வலிக்குக் கொஞ்சம் இதம் தரக்கூடியதுதான்.