விமானத் தூரமும் பயண நேரமும்: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் செல்ல நினைப்பவர்களில் பலர், தூரத்தை வேகத்தால் வகுத்து அதையே பயண நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். சேலம் விமான நிலையம் உள்ள காமலாபுரத்துக்கும் சென்னை விமான நிலையம் உள்ள மீனம்பாக்கத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 265 கி.மீ. ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறப்பதால், அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக விடை வரும். அட்டவணையிலோ ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் போட்டிருப்பார்கள். அந்த 500 கி.மீ. வேகம், விமானம் உயரத்தை எட்டிச் சீராகப் பறக்கும்போது மட்டுமே கிடைப்பது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, சென்னையில் தரையிறங்க வரிசையில் காத்திருக்கவும் நேரலாம். அதோடு அட்டவணை நேரம் என்பது, நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரையிலான நேரமாகும். குறுகிய தடங்களில்தான் இந்த வேறுபாடு கணக்கையே புரட்டிப்போடுகிறது.

தூரத்தைக் கணக்கிடும் இணையக் கருவிகளில் ஊர்ப்பெயரை மட்டும் தட்டச்சு செய்வதும் தவறு. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு. அதன் விமான நிலையக் குறியீடு எஸ்எல்இ, நம்முடையது எஸ்எக்ஸ்வி. விடை எந்த அலகில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்: ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் சுமார் 1.609 கி.மீ.

வெளிநாட்டுப் பயணங்களில் புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து அப்படியே கழிப்பவர்கள் அதிகம். பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். இரவு 11 மணிக்குச் சென்னையில் கிளம்பி விடியற்காலை 5.30-க்குச் சிங்கப்பூரில் இறங்குபவர் பறந்தது நான்கு மணி நேரமே. மீதி இரண்டரை மணி நேரம் கடிகார வேறுபாடு. கலிபோர்னியாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், நமக்கும் அவர்களுக்குமான வேறுபாடு கோடையில் பன்னிரண்டரை மணி நேரமாகவும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமாகவும் இருக்கும்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதும் பயன்படாது. பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான சுமார் 14,000 கி.மீ. குறுகிய வழி வடதுருவத்தின் அருகே செல்கிறது. பூமி உருண்டை என்பதை வரைபடம் மறைத்துவிடுகிறது. மேலும், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றினால், டெல்லியிலிருந்து லண்டன் செல்ல ஆகும் நேரம் பொதுவாகத் திரும்பிவர ஆகும் நேரத்தைவிட அதிகம். ஆகவே போகும் நேரத்தை இரட்டித்துக் கணக்கிடக் கூடாது.

இவை அனைத்தையும்விட என் பார்வையில் பெரிய தவறு, வீட்டிலிருந்து விமானம் வரையிலான நேரத்தை விட்டுவிடுவதே. ஏற்காட்டிலிருந்து கிளம்புபவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரம் வந்து, பிறகு விமான நிலையம் இருக்கும் ஓமலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். பயணப் பதிவு முகப்பு மூடப்படும் முன் அங்கே இருக்கவும் வேண்டும். சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் பயணத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வான்வழியில் சுமார் 160 கி.மீ. தான் என்றாலும், விமானம் இறங்குவது நகரின் வடக்கே தேவனஹள்ளியில். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை உள்ளவர் அங்கிருந்து நகரம் முழுவதையும் கடந்து தெற்கே வர வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சாலையில் செல்பவருக்கோ எலக்ட்ரானிக் சிட்டி நகருக்குள் நுழையும் முன்பே வந்துவிடுகிறது.