டிவியிலேயே வந்ததா? நியூஸ் கார்டைச் சோதிக்கும் விதம்

தேர்தல் நேரத்தில் ஒரு டிவி செய்திச் சேனலில் நைட் ஷிப்ட் பார்த்த உதவி ஆசிரியர் நான். எங்கள் லோகோவோடு, நாங்கள் போடாத நியூஸ் கார்டு (செய்தித் தலைப்போடு சேனல் பகிரும் படம்) ஒன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அனுப்பியவர் என் சித்தப்பா. "உங்க டிவியிலதானேப்பா வந்துச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

முதலில் தேதியைப் பாருங்கள். போலி கார்டில் பெரும்பாலும் அதில்தான் கோட்டை விடுவார்கள். அப்புறம் எழுத்து: லோகோ அசலாக இருக்கும், ஆனால் தலைப்பின் ஃபான்ட் வேறாக இருக்கும், ஒற்று தாறுமாறாக விழுந்திருக்கும். (ஒற்றுப்பிழை எங்களுக்கும் வரும், அதை மட்டும் நம்பாதீர்கள்.) சந்தேகம் வந்தால் அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அந்த நாள் வரை கீழே தள்ளித் தேடுங்கள்.

'எக்ஸிட் போல்', அதாவது ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டு எடுக்கும் கணிப்பு என்றால் வேலை இன்னும் சுலபம். 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 காலை 7 மணியிலிருந்து ஜூன் 1 மாலை 6.30 வரை அதை வெளியிடத் தடை இருந்தது. இப்படித் தடை இருக்கும் நாட்களில் 'எக்ஸிட் போல்' என்று சேனல் பெயரில் கார்டு வந்தால் நம்ப வேண்டாம்.

சிக்கலானது உண்மையிலேயே டிவியில் வந்த கார்டுதான். யாரோ ஏற்றிய வீடியோவை 'இணையத்தில் வைரல்' என்று நாங்கள் ஓட்டுவோம். அந்தத் துண்டை வெட்டி, 'டிவியே சொல்லிவிட்டது' என்று மறுபடி பரப்புவார்கள். அதனால் 'வைரல்', 'கூறப்படுகிறது' என்ற சொற்கள் இருந்தால், எங்கள் நிருபர் அங்கே போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.