வெடிக்காத மூளை அனியூரிசம்: ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திடும் முன்

வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில், மூளை இரத்தக்குழாயின் சுவர் மெலிந்து புடைத்திருப்பது, அதாவது அனியூரிசம், தெரியவந்தால் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்று பதறத் தேவையில்லை. பெரியவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. ஆனால், இதுவரை அனுபவிக்காத கடுந்தலைவலி திடீரென்று வந்தாலோ, ஒரு கண்ணிமை தொங்கினாலோ, மறுசந்திப்பு நாளுக்குக் காத்திராமல் உடனே மலேசியாவின் அவசர எண்ணான 999-ஐ அழையுங்கள்.

முதலில் ஸ்கேன் அறிக்கையிலிருந்து புடைப்பின் அளவையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2003-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பு மூளையில் இரத்தக் கசிவு ஏற்படாதவர்களுக்கு, 7 முதல் 12 மில்லிமீட்டர் வரையிலான புடைப்புகள் மூளையின் முன்புறக் குழாய்களில் இருந்தால் 5 ஆண்டுகளில் 2.6 விழுக்காடும், பின்புறக் குழாய்களில் இருந்தால் 14.5 விழுக்காடும் வெடித்தன. ஒரே அளவுதான், இடம் மாறியதால் கணக்கே மாறிவிட்டது.

அடுத்து, சிகிச்சையின் ஆபத்தைக் கேளுங்கள். மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் சிறு உலோகக் கிளிப்பை மாட்டுவது ஒரு முறை. தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தி, மெல்லிய பிளாட்டினச் சுருளால் உள்ளிருந்தே அடைப்பது மற்றொன்று. பல ஆய்வுகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரையில், திறந்த அறுவையில் சுமார் 8 விழுக்காட்டினருக்கும் குழாய்வழிச் சிகிச்சையில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. இரண்டிலுமே இறப்பு 1 விழுக்காட்டிற்கும் குறைவு. சுருள் வைத்த புடைப்பு மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் தொடரும். கிளிப் பெரும்பாலும் நிலைத்து நிற்கும்.

அறுவையின் ஆபத்து பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து முடிகிறது; காத்திருப்பதன் ஆபத்தோ ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. இதனால்தான் 40 வயதுக்காரருக்குப் பொருந்தும் முடிவு 75 வயதுக்காரருக்குப் பொருந்தாமல் போகலாம்.

“நல்லபடியாக முடிந்தது” என்ற சொல்லோடு நிறைவடைந்துவிடாதீர்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தைக்கு இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கை கால் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அடுத்த மூன்று மாதங்கள், பருப்பை அடுப்பில் வைத்தது நினைவில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். அதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நினைவாற்றல், பேச்சு, வலிப்பு, வேலைக்குத் திரும்பும் காலம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கேளுங்கள்.

பினாங்கு மருத்துவமனையானாலும், கோலாலம்பூரிலுள்ள துங்கு அப்துல் ரகுமான் நரம்பியல் கழகமானாலும், தனியார் மருத்துவமனையானாலும், “இத்தகைய புடைப்புக்கு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், டாக்டர்? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?” என்று மரியாதையோடு கேட்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ தயங்கும் பெரியவர்களுடன் பிள்ளைகளில் ஒருவர் உடன் சென்று எழுதிக்கொள்வது நல்லது.

காத்திருப்பதென்று முடிவானால், புகைப்பதை அறவே நிறுத்தி, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குறித்த நாளில் ஸ்கேன் எடுங்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ அனியூரிசம் இருந்தால், மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்பதை அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.