‘பெசெல்’: ஓர் எபிரெயச் சொல்லில் நாம் இடறும் இடங்கள்

அகராதியைத் திறந்து ‘பெசெல் என்றால் செதுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டுப் பிரசங்க மேடையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி தவறில்லை. அதிலிருந்து அவர்கள் இழுக்கும் முடிவுகள்தான் வில்லங்கம்.

பத்துக் கட்டளைகள் வரும் அதிகாரத்தில், யாத்திராகமம் 20:4இல் வருவது இந்தச் சொல்தான். “ஒப்பான ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும் நீ உனக்கு உண்டாக்க வேண்டாம்” என்று தமிழில் மனப்பாடம் செய்த வசனம். எபிரெயத்தில் அதை ஓதக் கேட்டால் காதில் ‘ஃபெசெல்’ என்றுதான் விழும். முந்தைய சொல் உயிரொலியில் முடிவதால் ‘ப’ இளகி ‘ஃப’ ஆகிறது, அவ்வளவுதான். இதை வேறொரு சொல் என்று நினைத்துத் தேடி அலைய வேண்டாம்.

பலரும் முதலில் சறுக்குவது வேர்ச்சொல்லில். ‘பெசெல்’ பிறந்த ‘பாசல்’ என்ற வினைக்கு வெட்டு, செதுக்கு என்று பொருள். “இந்த வேரிலேயே அருவருப்பு இருக்கிறது” என்று ஒருவர் குரலை உயர்த்திப் பேசியதை ஒரு ஞாயிறு ஆராதனையில் கேட்டேன். அவர் அந்த வினை வேறெங்கே வருகிறது என்று பார்த்திருந்தால் குரல் சற்று இறங்கியிருக்கும். எபிரெய வேதாகமம் முழுவதிலும் அது ஆறே இடங்களில்தான் வருகிறது. அதில் நான்கு, மோசே இரண்டாவது ஜோடிக் கற்பலகைகளை இழைத்ததைப் பற்றியவை. “முந்தினவைகளைப் போல இரண்டு கற்பலகைகளை வெட்டிக்கொள்” என்று யாத்திராகமம் 34:1இல் கர்த்தர் கட்டளையிடுகிறாரே, அந்த ‘வெட்டு’ இதே ‘பாசல்’. ஐந்தாவது, சாலொமோனின் ஆலயத்துக்குக் கல் செதுக்கிய தச்சர்களின் வேலை. ஆறாவதான ஆபகூக் 2:18இல்தான் விக்கிரகம் வருகிறது. ‘பெசெல் செய்யாதே’ என்ற கட்டளை எழுதப்பட்ட பலகையே ‘பாசல்’ செய்யப்பட்டதுதான். உளிக்கு நல்லது கெட்டது தெரியாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சறுக்குகிறவர்களும் உண்டு. செதுக்கியதுதான் பெசெல் என்றால், வார்த்தது பெசெல் ஆகாது என்பது அவர்கள் வாதம். வார்ப்புச் சிலைக்கு ‘மஸ்ஸேக்கா’ என்று தனிச்சொல் இருப்பது உண்மை. ‘ஊற்று’ என்ற வேரிலிருந்து வந்தது அது. பொன் கன்றுக்குட்டிக்கு அந்தச் சொல்தான் வருகிறது. ஆனால் ஏசாயா 40:19ஐ எடுத்துப் பாருங்கள். கன்னான் ‘பெசெலை’ வார்க்கிறான், தட்டான் அதைப் பொன் தகட்டால் மூடுகிறான், வெள்ளிச் சங்கிலி பூட்டுகிறான். செதுக்கியதை எப்படி வார்ப்பது என்று ஏசாயாவிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள் எங்கே என்று எந்தக் கடைக்காரரிடமும் யாரும் சண்டை பிடிப்பதில்லை. மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. வேர் ஒரு சொல்லின் பிறந்த ஊரைச் சொல்லும். இப்போது எங்கே குடியிருக்கிறது என்பதைப் புழக்கம்தான் சொல்ல வேண்டும். ‘பெசெல்’ உளியில் பிறந்து, வழிபடச் செய்த சிலை எதுவானாலும் அதைக் குறிக்கும் பொதுச்சொல்லாக வளர்ந்துவிட்டது.

மரமும் அதில் அடக்கம். ஏசாயா 44இல் வரும் தச்சனை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் பிடித்துக் கோடு போடுகிறான், கவராயத்தால் அளவு வைக்கிறான், மனித உருவத்தின் அழகுக்கு ஏற்ப இழைக்கிறான். அதே மரத்தில் பாதியை அடுப்பில் போட்டு அப்பம் சுடுகிறான், இறைச்சி பொரிக்கிறான், “ஆஹா, அனலானேன்” என்று குளிர் காய்கிறான். மீதிக் கட்டைதான் அவனுடைய பெசெல். அதன்முன் விழுந்து ‘என்னை இரட்சியும்’ என்கிறான். எபிரெய இலக்கியத்தில் இதைவிடக் காரமான கிண்டல் அதிகமில்லை. ஆனால் கிண்டலின் காரம் தச்சன் மீதும் அவன் மண்டியிடுவதன் மீதும்தான். சொல்லின் மீது அல்ல.

இன்னொன்று, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வகை. பிற்கால யூத குருமாரான ரபிமாரின் எபிரெயத்தில் ‘பாசூல்’ என்றால் தகுதியற்றது, செல்லாதது. எழுத்துப் பிழையுள்ள தோராச் சுருளை, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள் எழுதிய சுருளைப், பாசூல் என்று ஒதுக்கிவிடுவார்கள். எபிரெயத்தில் வேரெழுத்துகள் ஒன்றாக இருப்பதால், “பெசெல் என்றாலே தள்ளுபடியானது என்று பொருள்” எனச் சிலர் விளக்குகிறார்கள். பிற்காலப் பொருளை மோசேயின் வாயில் திணிக்கும் வேலை இது. ரபிமாரே இந்த ஒலியை வைத்து விளையாடியிருக்கிறார்கள். கற்பலகையைச் செதுக்கியபோது விழுந்த சிதறல் மோசேக்கே சொந்தம், அதனால்தான் அவர் செல்வந்தரானார் என்று ரபிமாரின் தொகுப்பு நூலான தல்மூதில் ஒரு பேச்சு உண்டு. ‘பெசோலெத்’ என்றால் செதுக்கியபின் விழும் கழிவு. சுவையான சிலேடை, சிலேடையாகவே ரசிக்கலாம். இன்றைய இஸ்ரேலிலோ ‘பெசெல்’ என்பது பூங்காவில் நிற்கும் சாதாரணச் சிற்பம்.

சிலை என்றாலே பெசெல் என்று எடுத்துக்கொள்வதும் பிழை. உடன்படிக்கைப் பெட்டியின் மேல் பொன்னாலான கேருபீன்கள், அதாவது சிறகுள்ள வானவர் உருவங்கள், இருந்தன. சாலொமோனின் ஆலயத்தில் பத்து முழ உயரத்தில் ஒலிவமரக் கேருபீன்கள் நின்றன. வெண்கலக் கடல் தொட்டியைப் பன்னிரண்டு காளைகள் தாங்கின. இவற்றில் ஒன்றைக்கூட வேதாகமம் பெசெல் என்று அழைக்கவில்லை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கும் அந்தப் பெயர் கிடையாது. ஆனாலும் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். ஆதியாகமத்தில் மனிதன் தேவ ‘சாயலாக’ப் படைக்கப்பட்டான் என்னும் இடத்தில் வருவது ‘செலெம்’ என்ற வேறு சொல். தீர்க்கதரிசி எசேக்கியேல் விக்கிரகங்களை வாய் ஓயாமல் ஏசும் ‘கில்லூலிம்’ இன்னொன்று. தமிழில் எல்லாவற்றுக்கும் விக்கிரகம், சிலை, சொரூபம் என்று மாறி மாறி வருவதால் எபிரெயத்திலும் ஒரே சொல்தான் என்று எண்ணிவிடுகிறோம்.

அந்தத் தமிழ்ச் சொற்களைப் பிளந்து பொருள் தேடுவதோ இன்னும் மோசம். ‘சொரூபம்’ வடமொழி ‘ஸ்வரூப’த்திலிருந்து வந்தது, ஆகவே கட்டளை சொல்வது இதுதான் என்று தொடங்கினால், மொழிபெயர்ப்பாளரைத்தான் விளக்குகிறோம், மோசேயை அல்ல. கத்தோலிக்கர் வீட்டில் ‘மாதா சுரூபம்’ அன்றாடச் சொல் என்பதால் இந்த வசனம் உடனே சண்டைக்கு இழுக்கப்படுகிறது. “அவர்கள் இரண்டாம் கட்டளையையே நீக்கிவிட்டார்கள்” என்ற பழியும் கூடவே வரும். நீக்கவில்லை; முதல் கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள். லுத்தரன் சபைகளின் எண்ணிக்கையும் அதுவே.

பெசெல் என்றால் அந்நிய தெய்வம்தான் என்பதும் சரியல்ல. நியாயாதிபதிகள் 17இல் மீகாவின் தாய் வெள்ளியைக் ‘கர்த்தருக்கென்று’ நேர்ந்துகொள்கிறாள். அதில் இருநூறு வெள்ளிக்காசைத் தட்டானிடம் கொடுத்துப் பெசெல் செய்விக்கிறாள். உபாகமம் 4ஆம் அதிகாரமும் இதைத்தான் தொடுகிறது: ஓரேபிலே நீங்கள் ஒரு ரூபத்தையும் காணவில்லையே, ஆகவே பெசெல் செய்யாதீர்கள். பாகால் என்ற கானானியத் தெய்வத்தைப் பற்றிய பேச்சு அல்ல அது. தங்கள் சொந்தக் கடவுளுக்கு உருவம் கொடுப்பதைப் பற்றியது.

கடைசியாக, கைபேசிச் செயலியில் தேடுகிறவர்களுக்கு. வேதாகம மூலச்சொற்களுக்கு ஸ்ட்ராங் அகராதி கொடுத்த எண்களில் 6459ஐ மட்டும் தட்டினால் பெசெல் ஒருமையில் வரும் இடங்கள்தான் கிடைக்கும். பன்மையான ‘பெசிலிம்’ 6456 என்ற எண்ணில் தனியாகக் கிடக்கிறது. அதில் ஒன்று நியாயாதிபதிகள் 3:19. மோவாபின் ராஜாவுக்குக் காணிக்கை செலுத்திவிட்டுப் புறப்பட்ட ஏகூத், கில்காலுக்கு அருகே உள்ள ‘பெசிலிம்’ வரை போய்த் திரும்பி வந்து அவனைக் குத்துகிறான். பழைய அராமிய மொழிபெயர்ப்பான தர்கூமும் கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பும் அந்த இடத்தைக் கல்குவாரி என்று பெயர்த்திருக்கின்றன.